கடிக்கும் கிட்டார்

அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஆம்ப்ளிஃபையர் பெட்டியை இழுத்தபோது ஒன்பது வருடத்துப் பஞ்சுத் தூசியும் அதோடு சேர்ந்து வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. சன்னலை அடைத்து வைத்தாலும் பஞ்சு உள்ளே வந்துவிடும். சோற்றில் கிடக்கும், சீப்பில் கிடக்கும். ஆம்ப்ளிஃபையரின் முன்பக்கத் துணியில் அது நரைத்த தாடிபோல் அப்பியிருந்தது. மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"வீட்டுக்குள்ள வச்சுத் தொறக்காண்டாம் பிள்ள. பின்னால கொண்டு போயிருங்க. இது வீட்டுக்கு ஆகாது."

"மரமும் இரும்பும்தான் மதினி. அது என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாதுன்னா ஒங்கண்ணன் ஏன் இத்தன வருசமா தொடல? நானும் கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து கேக்கேன், பழைய இரும்புக்காரன்ட்டயாவது போடுங்கன்னு. ஒரு பதிலும் வராது. ஊமைக்குப் பொண்டாட்டியா வந்த மாதிரில்லா இருக்கேன்."

அண்ணன் பெட்டியின் மேல் கிடந்த பஞ்சை உள்ளங்கையால் வழித்தெறிந்தான். பெட்டியை ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் நானுமாகத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனோம்.

அண்ணன் தறி ஓட்டுகிறவன். இருபது வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தான். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று எங்கே மேடை போட்டாலும் அந்தக் குழு போகும். யாரிடமும் போய்ப் படித்ததில்லை; காதால் கேட்டதைக் கையால் பிடித்துக்கொண்டான். அவனுடைய உயிர் நண்பன்தான் குழுவின் பாடகன். கரிவலம்வந்தநல்லூர்க்காரன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் ஊர்க் கொடையில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பாட்டு முடிகிற நேரத்தில் அவன் மேடையிலேயே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மழையில் சீரியல் பல்ப் வயர் நனைந்து மேடையில் கரண்ட் இறங்கிவிட்டது என்றார்கள். எல்லோரும் அப்படியே பேசி, அப்படியே மறந்தும் போனார்கள். அண்ணன் அன்றைக்கு கிட்டாரையும் ஆம்ப்ளிஃபையரையும் கட்டிலுக்கு அடியில் தள்ளியவன்தான்.

போன வாரம் அந்த நண்பனின் அம்மா பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு வியாழக்கிழமை கல்யாணம். பத்திரிகையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் நின்றார்.

"ஒரு பாட்டுக்கு மட்டும் நீ வாசிக்கணும் மக்கா. அவன் இருந்தா தங்கச்சி கல்யாணத்துக்குப் பாடாம இருப்பானா? அவன் பாட்ட நீ வாசிச்சாப் போதும். நான் கேட்டுக்கிடுவேன்."

"மொதல்ல பொட்டியச் சரி பாக்கணும்," என்றான் அண்ணன். அவர் போன பிறகு என்னிடம் வந்தான்.

"நீ அந்தப் பொட்டியத் தொறந்து பாரு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லு."

"ரிப்பேர் பண்ணவா?"

"ரிப்பேர் பெறவு. அவன எடுத்தது மழையா, இல்ல என் பொட்டியான்னு எனக்குத் தெரியணும். அது தெரியாம நான் அங்கன போயி வாசிக்க மாட்டேன். நீ படிச்சவ. நீ சொன்னா நான் நம்புதேன்."

நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். அம்மா, அப்பா இருவரும் கைநாட்டு. அண்ணன் மூன்றாம் வகுப்போடு தறிக்குப் போனவன். எட்டு வயதிலிருந்தே கரண்ட் பில், ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை என்று எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். பல்ப் ஃபியூஸ் போனாலும், அயர்ன் பாக்ஸ் வயர் அறுந்தாலும், "அவ படிக்கால்லா, அவட்ட குடு" என்பார்கள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இப்போது தென்காசியில் ஓர் இன்வெர்ட்டர் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அங்கே இருக்கிற ஒரே பெண் டெக்னீஷியன் நான். அதையும் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். அதனால் அண்ணன் அப்படிக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. ஒரு டாக்டர்போல டூல் பையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

முதலில் கிட்டாரை எடுத்தேன். அது சுலபமான வேலை. உறையின் ஜிப் துருப்பிடித்திருந்தது. மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தேய்த்துத் திறந்தேன். உள்ளேயிருந்து ஈரச் சாக்கு வாடை அடித்தது. சிவப்பு கிட்டார். ஆறு கம்பிகளும் பழுப்பேறி, தொட்டால் பொடி உதிர்ந்தது. அப்படியே வெட்டினால் கம்பி துள்ளி முகத்தில் அடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறுக்காணியையும் திருப்பித் தளர்த்திவிட்டுப் பிறகு வெட்டினேன். அண்ணன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கம்பி வெட்டுப்படும்போதும் அவன் கண் ஒரு தரம் மூடித் திறந்தது.

கழுத்துப் பலகையில் கம்பி ஓடிய இடங்களுக்கு இடையே கறுப்பாக அழுக்கு படிந்திருந்தது. விரல் அழுத்திய இடமெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. துணியை லேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அது என் கையழுக்கு," என்றான். பிறகு, "அவன் கையும் அதுல இருக்கும்," என்றான்.

"அவரு பாடுறவருல்லா? அவரு கை இதுல எப்படி?"

"மேடையில செருப்பு போட மாட்டான். பாட்டு முடியும்போது வெறுங்காலோட எங்கிட்ட வருவான். வலக்கையில மைக்கு இருக்கும். இடக்கையால இந்த ஆறு கம்பியையும் மேலருந்து கீழ ஒரு இழுப்பு இழுப்பான். ஜிங்குன்னு கேக்கும். கூட்டம் கைதட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் அப்படித்தான் முடிப்பான். நாங்க வச்சுக்கிட்ட ஒரு வழக்கம்."

என் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. ஒரு கையில் மைக், மறு கையில் கம்பி. எனக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் நான் ஒன்றும் கேட்காமல் மறுபடி துடைத்தேன்.

மரத்தின்மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, குறுக்கே பதித்திருந்த பித்தளைநிறக் கட்டைகளை மெல்லிய இரும்புப் பஞ்சால் பளபளக்கும் வரை தேய்த்தேன். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிவிடாமல் இருக்க கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் இரண்டையும் பாலிதீன் பையால் மூடியிருந்தேன். பின்மூடியைக் கழற்றி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது இருபத்தைந்து தடவை இப்படியும் அப்படியும் திருப்பினேன். முதலில் மண்ணை அரைப்பதுபோல் இருந்தது, பிறகு வழுக்கிக்கொண்டு ஓடியது. வயர் செருகும் ஜாக்கின் உட்புறத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தேன். கடைசியாக மீட்டரை எடுத்து ஒரு முனையைக் கம்பிகள் கட்டும் இரும்புப் பட்டையிலும், இன்னொன்றை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்தேன். கீச்சென்று சத்தம் வந்தது.

"அது என்னட்டி சத்தம்? கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே, நல்லாருக்கு. கம்பிக்கும் பொட்டிக்கும் தொடர்பு இருக்குன்னு அர்த்தம். எல்லா கிட்டார்லயும் அப்படித்தான் இருக்கணும். நீ கம்பியத் தொட்டா இரைச்சல் அடங்கும்லா, அது இதனாலதான்."

"அப்போ பொட்டியில உள்ளது கம்பிக்கு வரும்."

அவன் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன், நான் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து படித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

"வரும்," என்றேன்.

அவன் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். "அது கடிக்கும், தெரியுமா? கம்பி. சில நாளு கடிக்கும், சில நாளு கடிக்காது. சுர்ருன்னு லேசா. எங்க ஆளுக எல்லாருக்கும் அது பழக்கம். கீபோர்டு வாசிக்கிற அண்ணாச்சி தொட்டாக் கூடக் கடிக்கும், 'கரண்ட் இன்னைக்குப் பசியில இருக்குடே'ன்னு சிரிப்பாரு. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு பலகை மேல நின்னா ரொம்பத் தெரியாது. ரொம்பக் கடிச்சா பிளக்கப் பிடுங்கித் திருப்பிச் சொருகுவேன். நின்னுரும்."

"திருப்பிச் சொருகுவியா? மூணு முள்ளு பிளக்க எப்படித் திருப்புவ?"

"எது மூணு முள்ளு? ரெண்டு முள்ளுதான."

அதுவரை நான் அந்த பிளக்கைப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபையரின் வயர் சுருட்டி, ஒரு பாலிதீன் பைக்குள் கட்டி, பின்பக்கம் செருகப்பட்டிருந்தது. நான் அதைப் பிரிக்காமல் முதலில் பெட்டியைத் திறக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வயரில் தொடங்குவதுதான் முறை. சர்வீஸுக்கு வரும் பயிற்சிப் பையன்களுக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"அன்னைக்கு?" என்று கேட்டேன். "அன்னைக்குக் கடிச்சுதா?"

பக்கத்துக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடிக்கொண்டிருந்தது. தடதடவென்ற அந்தச் சத்தத்தை நாங்கள் எப்போதும் கேட்பதில்லை. அன்றைக்கு அது என் பற்களுக்குள் கேட்டது.

"கடிச்சுது," என்றான். "திருப்பணும்னு நெனச்சேன். அதுக்குள்ள அவன் பாட ஆரம்பிச்சிட்டான். ஒரு பாட்டுதான, முடியட்டும்னு விட்டுட்டேன். நான் திருப்பல. ஒன்பது வருசமா இத யார்ட்டயும் சொன்னதில்ல."

எழுந்து உள்ளே போனான். டீ போடச் சொல்லும் குரல் கேட்டது.

பெட்டியின் பின்பலகையில் எட்டு திருகாணிகள். ஆறு கழன்றன; இரண்டு துருவில் இறுகிப்போய், எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றவேண்டியிருந்தது. பலகையை எடுத்ததும் பல்லி முட்டை ஓடுகள் மடியில் உதிர்ந்தன. ஸ்பீக்கர் பேப்பரின் ஓரத்தைக் கரப்பான் கொறித்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மர், கண்டன்சர், சர்க்யூட் போர்டு எல்லாவற்றின் மேலும் பஞ்சு படிந்து, உள்ளே ஏதோ படுத்திருப்பதுபோல் இருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளித் தள்ளி எடுத்தேன். பெரிய கண்டன்சர் இரண்டிலும் கரண்ட் மிச்சம் ஏதும் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கைவிட்டேன். இத்தனை வருடம் சும்மா கிடந்த பெட்டியில் மிச்சம் இருக்காது. இருந்தாலும் பார்த்தேன்.

வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இரும்புத் தகட்டில் ஒரு துளை. துளையைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கவேண்டும். இல்லை. காய்ந்து உடைந்து விழுந்த அதன் துண்டு ஒன்று பஞ்சுக்குள் கிடந்தது. கூர்மையான தகட்டு விளிம்பில் வயர் உரசி உரசி, மேலுறை கிழிந்து, உள்ளே இருந்த கறுப்பு வயரின் தோலும் கிழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது. அது தொட்டுக்கொண்டிருந்த தகட்டில் மிளகு அளவுக்கு ஒரு கரித் தடம்.

சுவிட்சுக்கு முன்னாலேயே அந்த இடம். சுவிட்சை அணைத்துவிட்டாலும் அது அணையாது.

பாலிதீன் பையைப் பிரித்து பிளக்கை எடுத்தேன். வெள்ளை நிற இரண்டு முள் பிளக். ஒரு முள்ளில் மீட்டரை வைத்தேன். இன்னொரு முனையைப் பெட்டியின் தகட்டில். சத்தமில்லை. அடுத்த முள்ளில் வைத்து வயரை லேசாக அசைத்தேன். கீச்சென்றது. விட்டேன், நின்றது. அசைத்தேன், கீச்சென்றது.

சில நாள் கடித்ததும் சில நாள் கடிக்காததும் இதனால்தான். பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் அந்தக் கறுப்பு வயரில் கரண்ட் வரும். திருப்பிச் செருகினால் வராது. பெட்டி ஒன்றுதான். எந்தப் பக்கம் செருகுகிறோம் என்பதில் இருந்தது எல்லாம். அண்ணன் பலகைமேல் நின்றதால் அவனுக்குச் சுர்ரென்றதோடு போனது. அவன் நண்பன் நனைந்த மேடையில் வெறுங்காலோடு, ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆறு கம்பியையும் இழுத்தான். கம்பியில் வந்தது அவன் நெஞ்சு வழியாக மைக்குக்கும் மண்ணுக்கும் போனது.

பிளக்கின் திருகைக் கழற்றினேன். மூடி இரண்டாகப் பிரிந்தது. உள்ளே இரண்டு வயர்கள் முள்ளோடு இறுக்கப்பட்டிருந்தன. மூன்றாவது, பச்சை வயர், ஒட்ட வெட்டப்பட்டு, முனையில் டேப்புக்குப் பதிலாகப் புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரி சுற்றப்பட்டிருந்தது. வெள்ளைப் பிளாஸ்திரி மஞ்சளாகி, அதன் பசை ஒழுகி நூலாக இழுத்தது.

அது நான் சுற்றியது.

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது. ஆம்ப்ளிஃபையரின் பழைய பிளக் உடைந்துவிட்டது. பெரிய மூன்று முள் பிளக். அண்ணன் புதியது வாங்கி வரப் போனபோது நான்தான் சொன்னேன், நம் வீட்டில் ரெண்டு ஓட்டை பாயின்ட்தானே இருக்கு, ரெண்டு முள் வாங்கு, எங்கேயும் சொருகலாம் என்று. அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. பேட்டரி, பல்ப், போக ஒரு வயர், வர ஒரு வயர். சுற்று முழுமையடைய இரண்டு வயர் போதும். மூன்றாவது எதற்கு என்று அந்தப் பாடத்தில் இல்லை. இல்லாததால் அது தேவையில்லை என்று நான் முடிவு செய்தேன். பிளேடால் வெட்டினேன். டேப் இல்லாததால் பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த பிளாஸ்திரியைச் சுற்றினேன். அண்ணன் சொருகிப் பார்த்தான், பாடியது. அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள், "எம்மக ஒத்தையிலயே மாட்டிட்டா" என்று. அன்று மாலை தெரு முழுக்க எனக்குத்தான் பேர்.

அந்தப் பச்சை வயர் இருந்திருந்தால், தகட்டில் செம்பு பட்ட முதல் நாளே ஃபியூஸ் போயிருக்கும். யாரையும் கடித்திருக்காது. யாராவது ஓர் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் அந்தப் பச்சை வயரைப் பற்றிய எர்த்திங் பாடம் வந்தது. அந்தப் பாடத்தில் நான் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினேன். அப்போதுகூட எனக்கு இந்த பிளக் ஞாபகம் வரவில்லை.

அண்ணன் டீயோடு வந்தான். பிளக்கை மடிக்குள் மறைத்தேன்.

"என்னட்டி? ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல. இன்னும் பாக்கல."

அவன் டம்ளரைச் சாக்கின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனான். அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்காது. ஆனால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு மணி நேரம் நல்ல டெக்னீஷியனாக இருந்தேன். துளைக்குப் புது ரப்பர் வளையம். டூல் பையில் இருந்த புது மூன்று வயர் கேபிளை இழுத்து, இழுத்தால் கழன்றுவராதபடி உள்ளே கிளாம்ப் போட்டேன். பச்சை வயரைத் தகட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில் போல்ட் வைத்து முறுக்கினேன். மூன்று முள் பிளக். ஸ்பீக்கர் கிழிசலுக்கு மெல்லிய தாளைப் பசை தடவி ஒட்டினேன். பின்வாசல் சுவரில் மோட்டாருக்காகப் போட்ட பாயின்ட்டில் உண்மையாகவே எர்த் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கை வேலை செய்துகொண்டே இருந்தது. மனம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

நான் என்ன சொன்னாலும் அவன் நம்புவான். மழைதான் என்றால் மழை. ரப்பர் வளையம் என்றால் ரப்பர் வளையம். பிளக்கைத் திறந்து பார்க்கவும் மாட்டான், பார்த்தாலும் புரியாது. நான் படித்தவள், அவனுக்கு வேறு சாட்சி கிடையாது. இந்த வீட்டில் பத்து வருடத்துக்கும் மேலாக எல்லாக் காகிதத்தையும் வாசித்துச் சொன்னவள் நான்தான். ஒன்றைத் தவறாக வாசித்துச் சொன்னால் கண்டுபிடிக்க ஆள் இல்லை.

மூன்று மணிக்கு கரண்ட் போனது. பக்கத்துத் தறி நின்றது. தெருவே மூச்சை அடக்கியதுபோல் இருந்தது. அண்ணன் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முகத்தைக் கழுவியிருந்தான்.

"சொல்லு. மழையா, பொட்டியா?"

"பொட்டி."

தலையை மட்டும் ஆட்டினான். "நான் திருப்பியிருந்தா..."

"திருப்பியிருந்தா அன்னைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா..."

"அது போதும். நான் நெனச்சது சரிதான்." எழுந்திருக்கப் போனான்.

அவன் எழுந்துவிட்டால் நான் சொல்லமாட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது. மடியிலிருந்து பிளக்கை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். பிளாஸ்திரியைக் காட்டினேன். பச்சை வயருக்கு என்ன வேலை என்று சொன்னேன். கரண்ட் தப்பித்து வெளியே வந்தால் ஆளைத் தொடாமல் அதை மண்ணுக்குள் கொண்டுபோவதுதான் அதன் ஒரே வேலை என்று சொன்னேன். அதை வெட்டியது யார் என்று அவனுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பிளக்கை அவன் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்போ ஒனக்கு எத்தன வயசு?"

"பதிமூணு."

"நாந்தான ஒங்கிட்ட குடுத்தேன்."

"மாட்டினது நான்."

"பிள்ளைட்ட குடுத்தது யாரு? எனக்குப் புத்தி இருந்துச்சுன்னா கடையில குடுத்து மாட்டியிருக்கணும்லா." வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இத யார்ட்டயும் சொல்லாத. ஒம்மதினிட்டயும் சொல்லாத. அவ வாயி ஊர் வாயி."

"பெரியம்மாட்ட?" அவன் நண்பனின் அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"பெரியம்மாட்ட நான் சொல்லுதேன். திருப்ப மறந்துட்டேன்னு. அது பொய்யில்லலா."

"பாதிதான் உண்மை."

"பாதி போதும் அவங்களுக்கு. நீ வேலைக்குப் போற பிள்ள. நாளைக்கு ஒனக்கு ஒரு எடம் பாக்கணும். ஒம்பேரு இதுல வரக் கூடாது."

"எம்பேரு வந்தப்போல்லாம் நீ தெருவெல்லாம் சொன்னியே அண்ணே. இதுக்கு மட்டும் ஏன் வரக் கூடாது?"

கோபத்தில்தான் அப்படிக் கேட்டேன். அவன்மேல் கோபம் இல்லை. என் தப்பையும் அவன் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டபோது நான் மறுபடி சின்னப் பிள்ளையாகிவிட்டதுபோல் இருந்தது. மார்க் வாங்கியதெல்லாம் என்னுடையது என்றால் இதுவும் என்னுடையதுதான்.

ஐந்து மணிக்கு கரண்ட் வந்தது. தென்காசியிலிருந்து வாங்கி வந்திருந்த புதுக் கம்பிகள் போட்டு, ஆம்ப்ளிஃபையரில் செருகி, சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்பீக்கர் மெதுவாக மூச்சுவிட்டது. அண்ணன் கிட்டாரைத் தொடவில்லை. மீட்டரால் பார்த்து, கம்பியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் தொடவில்லை. நான் புறங்கையைக் கம்பிகள்மேல் வைத்தேன். கடிக்கவில்லை. அதன் பிறகுதான் அவன் விரல் நீட்டி ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். ஒலி நன்றாக, சுத்தமாக வந்தது. அது அடங்குமுன் அவனே சுவிட்சை அணைத்துவிட்டான்.

"நல்லாருக்கு," என்றான். அந்தக் குரலில் அதை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை நான் லீவு சொன்னேன். அண்ணனும் தறிக்குப் போகவில்லை. அவனுடைய பைக்கில் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனோம். அந்த வீட்டு முன்னால் பந்தல்கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க மக்கா. பொட்டி சரியாயிட்டா? வாசிப்பல்லா?"

"பெரியம்மா, ஒரு விசயம் சொல்லணும். பின்னால போவமா," என்றான் அண்ணன்.

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றோம். அண்ணன் தொடங்கினான். "அன்னைக்கு நான் பிளக்கத் திருப்பிப் போட்டிருக்கணும் பெரியம்மா," என்றான். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். மீதியை நான் சொன்னேன். எதையும் விடவில்லை. பிளாஸ்திரியையும் சொன்னேன். படித்த வார்த்தை எதுவும் வராமல், அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். முன்பக்கம் யாரோ மூங்கிலில் கயிறு இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது.

நான் முடித்ததும் கையை முந்தானையில் மறுபடி துடைத்தார். பிறகு கேட்டார்.

"அவனுக்கு ரொம்ப நேரம் வலிச்சிருக்குமா? நீ படிச்சிருக்க. ஒனக்குத் தெரியும்லா."

எத்தனை மில்லி ஆம்பியர் உடம்பில் ஓடினால் என்ன ஆகும் என்று எங்கள் புத்தகத்தில் ஓர் அட்டவணை உண்டு. எனக்கு அது மனப்பாடம்; அன்றைக்கு எவ்வளவு ஓடியது என்பதுதான் தெரியாது. இல்லை, ஒரு நொடிதான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"எனக்குத் தெரியாது பெரியம்மா," என்றேன்.

வீட்டுக்குள்ளிருந்து கல்யாணப்பெண்ணின் குரல் கேட்டது. "எம்மா, யாரு வந்திருக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ உள்ள இரு," என்றார். எங்களைப் பார்க்காமல் படியேறி உள்ளே போனார். கதவு பாதி சாத்திக்கொண்டது.

அண்ணன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். வெயில் ஏறியது. போய்வாங்க என்றோ இருங்க என்றோ அவர் சொல்லவில்லை.

"போவமா?" என்றேன்.

"இரு," என்றான். "அவங்க வரட்டும்."